எல்லாவற்றுக்கும் ‘பிடிக்கும்’

விழுப்புரத்தில் ஒரு திறன் பயிற்சி மையத்தில் கவுன்சிலராகச் சேர்ந்தேன். முதல் பேட்ச்சிலேயே என் மானம் போனது. ஆர்வத் தேர்வு நடத்துவது என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் வரிசையாக வேலைகள் வரும்: மெஷின் ஓட்டுவது, கதை எழுதுவது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் ‘பிடிக்கும்’ அல்லது ‘பிடிக்காது’ தட்ட வேண்டும். எந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகவோ செய்ததைத் தமிழாக்கிக் கொடுத்திருந்தார்கள். நான் அதை வேதவாக்காக நம்பினேன்.

பெருமுக்கல் பக்கத்திலிருந்து வந்த செலின் எல்லாவற்றுக்கும் ‘பிடிக்கும்’ தட்டியிருந்தாள். ‘ஆர்வம் தெளிவாக இல்லை’ என்று ரிசல்ட் வந்தது. திண்டிவனத்திலிருந்து பஸ் விட்டு ஆள் எடுக்கும் கம்பெனியோ, மெஷின் ஆர்வம் உள்ளவர்களை மட்டும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் கூலி வேலையும் முடிந்துபோன சமயம். அவள் வீடே இந்த வேலையைத்தான் நம்பியிருந்தது.

படிக்காமலே தட்டினாயா என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கடிந்துகொண்டேன்.

“படிச்சித்தான் சார் தட்டுனேன். வேலை கேட்டுக்கினு வந்து நிக்கறேன். இது புடிக்காது, அது புடிக்காதுன்னு சொன்னா, திமிரு புடிச்சவள்னு நெனைக்க மாட்டீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. என் இன்டர்வியூவில் எந்த ஊருக்குப் போட்டாலும் ஆசையாகப் போவேன் என்று பல்லைக் காட்டியவன்தானே நான்?

இந்தத் தேர்வே நமக்கு வேண்டாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அதுக்கு ஏம்பா பேஜாரு பண்ணிக்கினு இருக்க? இன்னொரு தபா எழுத வை. மெஷினுக்கு மட்டும் புடிக்கும்னு போடச் சொல்லு.”

அவர் சொன்னபடியே செலின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ‘குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பது’ வந்ததும் அவள் விரல் நின்றது.

“இது நெஜமாவே புடிக்கும் சார். ஞாயித்துக்கெழம கோயில்ல பசங்களுக்கு ஞானோபதேசம் நான்தான் சொல்லித் தர்றேன்.”

“பிடிக்காதுன்னு போடும்மா.”

போட்டாள். வேலையும் கிடைத்தது.

அடுத்த ரிவ்யூ மீட்டிங்கில் அவள் ரிசல்ட்டைத் திரையில் காட்டி, தேர்வு எவ்வளவு சரியாக ஆளைக் கண்டுபிடிக்கிறது பாருங்கள் என்றார் மேனேஜர். எல்லோரும் எனக்காகக் கைதட்டினார்கள். நாற்காலியில் கூனிக் குறுகிப்போனேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

புதிதாக வரும் கவுன்சிலர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘பிடிக்காது’ என்று போட்டாலும் உனக்கு வேலை உண்டு என்று எதிரில் இருப்பவரிடம் சொல்ல முடிந்தால் மட்டும் அந்தத் தேர்வை வையுங்கள். செலினிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.