இரண்டாவது குழாயும் ஏழாவது குழாயும்

விபெக்கே தோர்ஸாகர் முப்பத்தொரு வருஷம் டென்மார்க்கில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இருப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவள் டாக்டர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. சளி மாதிரிகளைப் பெரிய குழாயிலிருந்து குட்டிக் குழாய்க்கு மாற்றுகிறவள். அதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல நடிக்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை.

அந்தக் கூடத்தில் தப்புச் செய்தவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். குளிர்பெட்டியைச் சாத்தாமல் போனாலும் கேக், மருந்துப் புட்டியை மாற்றி எடுத்தாலும் கேக். எல்லாரும் தின்று, வயிறு குலுங்கக் கேலி செய்து, அதோடு விஷயத்தை விட்டுவிடுவார்கள். விபெக்கே ஒரு தடவைகூடக் கொண்டுவந்ததில்லை.

"உன் வீட்டுல அடுப்பு இருக்கா, இல்ல வித்துட்டியா?" என்பான் எஸ்பன். இயந்திரம் படித்துத் தரும் மரபணுவைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்க்கிறவன் அவன்.

"அடுப்பு இருக்கு. அதைப் பத்த வைக்கத்தான் காரணம் இல்ல" என்பாள் அவள்.

கொரோனா வந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. தொற்று உறுதியான மாதிரியெல்லாம் அவர்களிடம் வரும். அந்த வைரஸின் மரபணுவில் முப்பதாயிரம் எழுத்து. ஆள் விட்டு ஆள் தாவும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றங்களைக் கோத்துப் பார்த்தால் எது எதோடு உறவு என்று புரியும். முடிவை உலகப் பொதுத் தொகுப்பில் ஏற்றுவார்கள். பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருப்பவர்கள் அதே வம்ச மரத்தில் தங்கள் வைரஸின் கிளையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கேயோ போக வேண்டிய தொலைபேசி அழைப்பு விபெக்கேயின் மேஜைக்கு வந்துவிட்டது. பேசியவள் பெயர் டோர்த்தே. ஒரு முதியோர் இல்லத்தில் பணியாள். அங்கே நாலு பேர் இறந்திருந்தார்கள்.

"என்னோட வைரஸும் செத்தவங்களோடதும் ஒண்ணுன்னு நீங்க எழுதியிருக்கீங்களாம். எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. அதனால நான்தான் கொண்டுவந்தேன்னு ஊரே சொல்லுது. நான் வீட்ட விட்டா வேலை, வேலைய விட்டா வீடு. லேசா மூக்கு ஒழுகுச்சு, அவ்வளவுதான். உங்க மெஷின் தப்பே பண்ணாதா?"

"உங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும். எங்களுக்குப் பேச அனுமதி இல்ல" என்றாள் விபெக்கே. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "மெஷின் தப்புப் பண்ணாதுங்க."

தொலைபேசியை வைத்த பிறகு அந்தப் பதில் அவளை உறுத்தியது. ஒன்றாக இருக்கிறது என்றால் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று அர்த்தம் இல்லை. அறிக்கையிலும் அப்படி எழுதவில்லை. ஆனால் ஊர் அறிக்கை படிக்குமா? எழுந்து போய்ப் பழைய சீட்டுகளை எடுத்தாள்.

டோர்த்தேயின் முதல் பரிசோதனைச் சீட்டில் வைரஸ் மிகமிகக் குறைவு என்று இருந்தது. அப்படிப்பட்ட மாதிரியில் மரபணு முழுசாகக் கிடைக்காது, நடுநடுவே ஓட்டை விழும். இங்கேயோ முப்பதாயிரம் எழுத்தும் பளிச்சென்று வந்திருந்தது.

குட்டிக் குழாய்கள் எட்டெட்டாக ஒட்டிக்கொண்டு வரும். முதல் குழாயின் மூடியில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது அவள் வழக்கம். அந்த வாரம் எல்லாவற்றையும் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லியிருந்தார்கள். புள்ளி அழிந்திருக்கும். எட்டையும் தலைமாடு கால்மாடாக வைத்துவிட்டால் இரண்டாவது ஏழாவதாகிவிடும். டோர்த்தே இரண்டு. ஏழாவது சீட்டைப் பார்த்தாள்: வைரஸ் ஏராளம், மரபணுவோ ஓட்டை ஓட்டையாக. அதுவும் அதே இல்லத்துப் பணியாள், அதே நாள் பரிசோதனை.

உறைபெட்டியில் மிச்சம் இருந்த மாதிரிகளை எடுத்து எட்டையும் மறுபடி இயந்திரத்தில் ஓட்டினாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முடிவு வந்ததும் எஸ்பன் திரையைத் திருப்பிக் காட்டினான். டோர்த்தேயின் வைரஸ் வேறு கிளை. செத்தவர்களோடு சேர்ந்திருந்தது ஏழாவது.

"நான்தான் திருப்பி வெச்சேன்" என்றாள் விபெக்கே.

"அப்போ வெள்ளிக்கிழமை..." என்று சிரிக்க ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சரி, உலகத் தொகுப்புல ஏத்தின எட்டையும் நான் வாபஸ் வாங்கறேன். மாவட்ட டாக்டருக்கு நீ சொல்லு."

மாவட்ட சுகாதார டாக்டர் திருத்தத்தை எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் தானே சொல்ல அனுமதி வேண்டும் என்று விபெக்கே கேட்டாள். அவளுடைய முடிவை மட்டும் சொல்லலாம், வேறு யாருடையதையும் சொல்லக் கூடாது என்றார்.

அன்று மதியமே கூப்பிட்டாள்.

"டோர்த்தே, அன்னிக்கு மெஷின் தப்புப் பண்ணாதுன்னு சொன்னேனே, அது நான்தான். மெஷின் பண்ணல, நான் பண்ணிட்டேன். குழாய மாத்தி வெச்சுட்டேன். செத்தவங்களோடது உங்களோடது இல்ல. எழுத்துல வரும். என்னை மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். அழுது முடிக்கட்டும் என்று விபெக்கே காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். டோர்த்தே திட்டவில்லை.

"மூணு வாரம்" என்றாள். "மூணு வாரமா காபி நேரத்துல நான் உக்காந்த மேஜைக்கு யாரும் வரல. கெர்டா ஒருத்திதான் வந்தா. தினமும் தன் ரொட்டிய எடுத்துட்டு வந்து என் எதிர்ல உக்காருவா. ஒண்ணும் பேச மாட்டா, சும்மா உக்காருவா. அவளுக்குத்தான் முதல்ல சொல்லணும்."

விபெக்கேயின் முன்னால் சீட்டுகள் கிடந்தன. ஏழாவது குழாயின் பெயர் கெர்டா.

"அப்போ யாரோடது?" என்றாள் டோர்த்தே.

"சொல்லக் கூடாதுங்க."

"எங்க ஆளா?"

விபெக்கே ஏழாவது சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய்யான முடிவைத் தன் வாயால் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. வாரக் கடைசிக்குள் திருத்தம் இல்லத்துக்குப் போகும். யாரென்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு காபி நேரம் போதும்.

"யாரா இருந்தாலும்" என்றாள் கடைசியில், "வேணும்னு யாரும் கொண்டுவரலைங்க."

டோர்த்தே மூக்கைச் சிந்தினாள். "அது எனக்குத் தெரியாதா?" என்றாள். "மூணு வாரம் அந்த நாற்காலியில உக்காந்தவ நான். அடுத்து அதுல யார் உக்காந்தாலும் எதிர்ல என் ரொட்டி இருக்கும்."

வெள்ளிக்கிழமை விபெக்கே கேக் கொண்டுபோனாள். மேலே தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் கருகியிருந்தன. ஒருவரும் கேலி செய்யவில்லை.