சாமி பேரில் ஓர் அக்கவுண்ட்

வீடியோ கேம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் யாரும் ஒரு தடவையில் நம்ப மாட்டார்கள். சேலை கட்டிய நாற்பத்தாறு வயதுக்காரி சொன்னால் இன்னும் மோசம். "உங்க பையன் கடைங்களா?" என்று கேட்பார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. கடை என்னுடையது. சிங்காநல்லூரில் ஒரு பல் டாக்டருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், பன்னிரண்டு வருடமாக நான்தான் ஷட்டரைத் தூக்கினேன், நான்தான் இறக்கினேன். இத்தனைக்கும் ஒரு விளையாட்டைக்கூட முழுசாக விளையாடி முடித்ததில்லை. கார் ஓட்டும் விளையாட்டில் முதல் வளைவிலேயே சுவரில் மோதிவிடுவேன். அதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே சில வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பம்புசெட்டு கம்பெனியில் வேலை. அவருடைய அண்ணன் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அங்கே போவோம், ஒவ்வொரு பொங்கலுக்கும் திரும்பி வரும் வழியில் இவர் அதே பேச்சை எடுப்பார். "அண்ணன் கூப்பிட்டுட்டே இருக்கறாரு அம்மணி. ரெண்டு பேரும் அங்கயே போயிரலாமே." நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். பல்லடத்தில் எனக்குச் சோறு உண்டு, மரியாதை உண்டு. ஆனால் அந்த வீட்டில் நான் சின்ன மருமகள். எழுந்திருப்பதிலிருந்து படுப்பது வரை எல்லாம் மூத்தவர் மனைவி சொல்கிறபடிதான். சொந்தமாக ஒரு சாவி கிடையாது. கடை இருக்கும்வரை போக வேண்டியதில்லை என்று தெம்பாக இருந்தேன்.

ஆரம்பத்தில் எல்லாம் சிடிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் மாட்டும் கேம் பெட்டி ஒன்றும் நாலு சிடியும் எடுத்துக்கொண்டு போவார்கள். திங்கட்கிழமை திரும்பி வரும் சிடியைப் பார்த்தே அந்த வீட்டில் என்ன பலகாரம் என்று சொல்லிவிடலாம். தீபாவளி முடிந்து இரண்டு வாரம் முறுக்கு எண்ணெய்தான். மூக்குக் கண்ணாடித் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துத் துடைத்து என் கட்டைவிரலே தேய்ந்துபோனது. பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட, புதினா வாசத்தோடு வந்த சிடிகளும் உண்டு. அப்போது எரிச்சலாக இருந்தது. எரிச்சல்படவாவது கையில் ஒரு பொருள் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு சிடி போடும் வாயே இல்லாத பெட்டிகள் வந்தன. விளையாட்டெல்லாம் நெட்டில் இறங்கும். கம்பெனியின் தளத்தில் நமக்கென்று ஓர் அக்கவுண்ட் திறந்து, அதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தை வெள்ளியன்று கடையில் சூடம் காட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் பெயர் கேட்டது. யோசிக்கவே இல்லை, எங்கள் குலதெய்வத்தின் பெயரை அடித்தேன்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் எதைத் தொடங்கினாலும் சாமி பேரில்தான் தொடங்குவோம். லாரி, மாவு மில்லு, தறிக்குடோன், கோழிப்பண்ணை, எதன் நெற்றியைப் பார்த்தாலும் ஓர் அம்மன் பெயர் இருக்கும். என் கடைப் பலகையிலும் அம்மன்தான். ஆகவே அக்கவுண்டிலும் அம்மனே. படம் போடச் சொன்ன இடத்தில் கோயிலில் எடுத்த அம்மன் படத்தைப் போட்டேன். பெண்ணா ஆணா என்று கேட்டதற்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். பிறந்த தேதி கேட்டபோதுதான் திணறினேன். சாமிக்கு ஏது பிறந்த தேதி? கும்பாபிஷேகம் நடந்த நாளைப் போட்டேன். நல்லவேளை, அது என் கல்யாணத்துக்கு முந்திய கும்பாபிஷேகம். போன வருடம் நடந்ததாக இருந்தால் அம்மனைக் கைக்குழந்தை என்று சொல்லி, துப்பாக்கி விளையாட்டு ஒன்றையும் தந்திருக்க மாட்டார்கள்.

ஆறு வருடத்தில் அந்த அக்கவுண்டில் ஒவ்வொன்றாக வாங்கி நூற்று எழுபது விளையாட்டு சேர்த்தேன். நகைக்கடைப் பக்கம்கூடப் போகவில்லை. பெட்டியை வாடகைக்கு அனுப்பும்போது அந்த அக்கவுண்டைத் திறந்துவைத்தே அனுப்புவேன். இப்படிச் செய்யக் கூடாது என்று கம்பெனி விதிகளில் எங்கேயாவது எழுதியிருக்கும். நான் படிக்கவில்லை, படித்த யாரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் தப்பு தப்புதான், இப்போது மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு சனிக்கிழமை காலையில் முதல் போன் வந்தது. கணபதி ஏரியாவில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற பெரியவர், வாராவாரம் தவறாமல் பெட்டி எடுக்கிறவர். "ஏனுங்க அம்மணி, எல்லா கேம் மேலயும் பூட்டுப் படம் வந்து நிக்குதுங்களே" என்றார். அணைத்துப் போடச் சொன்னேன். அவர் அணைத்துப் போடுவதற்குள் சூலூரிலிருந்து ஒருவர், பிறகு ஒண்டிப்புதூர், பிறகு இருகூர். மத்தியானத்துக்குள் வாடகைக்குப் போன அத்தனை பெட்டியும் பூட்டிக்கொண்டது. என் மெயிலில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. கடிதம் அம்மனை விளித்து எழுதப்பட்டிருந்தது. உங்கள் அக்கவுண்ட் ஒரே சமயத்தில் பல இடங்களில் திறந்திருக்கிறது, யாரோ திருடியிருக்கலாம், ஆகவே பூட்டி வைத்திருக்கிறோம், அதே பெயரில் உள்ள அரசாங்க அடையாள அட்டையோடு நேரடியாக வீடியோவில் வந்து நீங்கள்தான் என்று நிரூபியுங்கள் என்று இருந்தது.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பல்லடம் என்ற வார்த்தையை அவர் எடுக்கவில்லை, அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். கடிதத்தைத் திரும்பப் படித்துவிட்டு, "என் தங்கச்சிக்குச் சாமி பேருதானே வெச்சிருக்குது?" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. வீட்டின் முதல் பெண் குழந்தைக்குக் குலதெய்வத்தின் பெயரை வைப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். என் நாத்தனாரைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கம்பெனியின் உதவி எண்ணில் விசாரித்தபோது, பெயர் பொருந்தினால் போதும், பிறந்த தேதியைத் திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்னுங்க அண்ணி, புதன்கிழமை வாரேன்" என்றாள். சொன்னபடி ஆதார் கார்டும் ஒரு கட்டு முருங்கைக்காயுமாகப் பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். வீடியோவில் தெரியுமே என்றாள்.

கடையை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். நான் கேமராவில் விழாமல் பக்கத்தில் நின்றேன். திரையில் கம்பெனி ஆளாகத் தமிழ் பேசுகிற ஒரு தம்பி வந்தார். மரியாதையான பையன்தான், குறை சொல்ல முடியாது. பெயர் கேட்டார், சொன்னாள். கார்டைக் காட்டச் சொன்னார், காட்டினாள். "பேர் சரியா இருக்கு மேடம்" என்றார். நான் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அவர், "கடைசியா ஒண்ணுதான் மேடம். இந்த அக்கவுண்ட் உங்களோடதுதான், இதுல இருக்கிறது நீங்கதான்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க, ரெக்கார்டு ஆகுது" என்று சொல்லி, அக்கவுண்ட் பக்கத்தைத் திரையில் விரித்தார். ஒரு பக்கம் என் நாத்தனார் முகம். இன்னொரு பக்கம் அம்மன் முகம், வெள்ளிக் கண்ணும் எலுமிச்சை மாலையுமாக.

நாத்தனார் குனிந்து செருப்பைக் கழற்றினாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"நான் இல்லீங்க" என்றாள். "அது எங்க சாமிங்க."

"சாமின்னா, உங்க வீட்டுப் பெரியவங்க யாராவதுங்களா மேடம்?"

"இல்லீங்க. கோயல்ல இருக்கற சாமிங்க."

பிறகு அந்தத் தம்பி ரொம்பப் பணிவாக, "அவங்க ஐடி ஏதாவது இருக்குங்களா மேடம்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவர் முன்னால் ஒரு படிவம் இருந்திருக்கும், அதில் அடுத்த கேள்வி அதுவாக இருந்திருக்கும். நான் குறுக்கே புகுந்து, "தம்பி, இதெல்லாம் திறந்தது நான்தானுங்க, கடை என்னுதுங்க" என்று கத்தினேன். "ஆனா உங்க பேருல எதுவுமே இல்லையே மேடம்" என்றார். அது உண்மைதான்.

நாத்தனார் அழுதுவிட்டாள். "உங்க பேர்ல இருந்திருந்தா நூறு பொய் சொல்லியிருப்பேனுங்க அண்ணி. அந்த முகத்தைப் பார்த்துட்டு, அது நான்தான்னு எப்படிங்க சொல்றது?" எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. அவள் கொண்டு வந்த முருங்கைக்காயிலேயே சாம்பார் வைத்து, சோறு போட்டு, பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தேன். அப்புறம் ஆற்றாமை தாங்காமல் பூஜை அலமாரி முன்னால் போய் நின்று, நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று முயன்று பார்த்தேன். வீட்டில் யாருமில்லை. ரெக்கார்டும் ஆகவில்லை. 'அது நான்தான்', இரண்டு வார்த்தைதான். வாய் வரவில்லை. அதற்குமேல் அவள்மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

பத்து நாள் கழித்துக் கடைசிக் கடிதம் வந்தது. அக்கவுண்டை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். மேல்முறையீடு கிடையாது. அதில் ஒரு வரியை நான் நாலைந்து தடவை படித்தேன். இந்த விளையாட்டுகள் எப்போதும் உங்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை, விளையாட அனுமதி மட்டுமே தரப்பட்டிருந்தது என்று இருந்தது. ஊருக்கெல்லாம் வாடகைக்கு விடுகிறேன் என்ற மிதப்பில் இருந்தவள் நான். நானே வாடகைக்குத்தான் குடியிருந்திருக்கிறேன், அதுவும் வேறு பெயரில்.

பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. யாரும் சத்தம் போடவில்லை, அதுவே சங்கடமாக இருந்தது. கணபதிப் பெரியவர் கடைசியாக வந்தார். வயரை ஒழுங்காகச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவர் மகள் இனிமேல் பெட்டியே தேவையில்லை என்று சொன்னாளாம். "மாசாமாசம் கட்டுனா டிவியிலயே வந்துருமாமுங்க அம்மணி. கட்டாட்டி நின்னு போகுமாமுங்க."

"அப்ப அதும் வாடகைதானுங்களே?" என்றேன்.

"வாடகைதானுங்க. ஆனா அங்க போன் பண்ணுனா எடுக்கறதுக்கு உங்களாட்ட ஒரு ஆளு இல்லீங்களே" என்றார்.

நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அவர் போன பிறகு நினைத்துப் பார்த்தால், அவர் சொன்னதுதான் இனிமேல் நடக்கப்போவது. வாடகை எங்கேயும் போகவில்லை. இன்னும் பெருகத்தான் போகிறது. எல்லோரும் எல்லாவற்றையும் வாடகைக்கே எடுப்பார்கள். நடுவில் உட்கார்ந்து துடைத்துக் கொடுக்க ஓர் ஆள் மட்டும் வேண்டியதில்லை. இதை எதிர்த்துச் சண்டை போடலாம் என்று முப்பது வயதில் தோன்றியிருக்கும். எனக்குக் கால் வலித்தது.

அன்று மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டு வந்தார். அவர் டிபன் கேரியர் மூடியைக் கழற்றும்போதே, "அண்ணன்கிட்ட வாரோம்னு சொல்லிருங்க" என்றேன்.

பன்னிரண்டு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்த மனிதர், கையில் மூடியோடு அப்படியே நின்றார். "உம்பேர்ல இன்னொரு அக்கவுண்ட் தொறக்கலாமில்ல அம்மணி? மொதல்ல இருந்து ஒவ்வொண்ணா வாங்குவோம். நானும் ஓவர்டைம் பார்க்கறேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை. "முடியலீங்க" என்றேன். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரிலேயே அண்ணனுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் சந்தோஷக் குரல் வெளியே கேட்டது. போன் அண்ணனிடமிருந்து அண்ணி கைக்குப் போனது. இவர் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிறுத்தி, போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி கேக்கறாங்க. நீ வர்றதுனால, சமையலுக்கு வர்ற அம்மாவ அடுத்த மாசத்தோட நிறுத்திரலாமான்னு."

என் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் டிபன் கேரியரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்திரச் சொல்லுங்க" என்றேன்.