நடுவில் நின்றவரின் முகம்

அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது, லிபெர்த்தா வீதியில் நாங்கள் வேலை செய்த இத்தாலியச் சின்யோராவின் வீட்டுக் குசினியில். பழைய சஞ்சிகையிலிருந்து வெட்டிய தாள். அமெரிக்காவின் கறுப்பினப் பாடகர்கள் ஐந்து பேர், ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டுடன், ஒரே பக்கம் சரிந்து நிற்கிறார்கள். நடுவில் நின்றவரின் முகம் மடிப்பில் அழிந்துபோயிருந்தது. அங்கே சமையல் செய்த மொரீசியஸ் அண்ணர் அதைத் தன் பேர்ஸில் வைத்திருந்தார். இளமையில் அவரும் கூட்டாளிகளும் அவர்களைப் போலவே உடுத்திக்கொண்டு கலியாண வீடுகளில் அவர்களின் 'சோல்' இசைப் பாட்டுகளைப் பாடினார்களாம்.

சீனி வருத்தத்தால் அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. முழுதாகப் போகமுன் அந்த முகத்தை ஒருமுறை தெளிவாகப் பார்க்கவேண்டும், நல்ல பெரிய படமாக எடுத்துத் தரமுடியுமா என்று இத்தாலியனில் கேட்டார். எங்களோடு அவர் கதைப்பது எப்போதும் இத்தாலியன்தான். அவரும் தமிழ் வழிவந்தவர்தான், ஆனால் தமிழ் அவருக்குக் கோயிலில் பாடும் தேவாரத்தோடு சரி என்று நினைத்திருந்தோம்.

இன்டர்நெட்டில் கிடைத்ததெல்லாம் பெருப்பித்தால் புள்ளி புள்ளியாக உடைந்தது. வியா மக்வேதா தெருவில் படம் அச்சடிக்கும் கடைக்காரர் கையை விரித்துவிட்டு, பின்சந்தில் பழைய இசைத்தட்டு விற்கும் ஒருவரைக் காட்டிவிட்டார். அந்தக் காலத்தில் இசைத்தட்டுகளோடு வந்த அசல் புகைப்படம் அவரிடம் இருந்தது. பிரதி எடுக்க இரவல் தந்தார். ஒவ்வொரு மயிரும் தெரியும்படி பெரிய தாளில் அச்சாகி வந்தது.

பிரான்காச்சோவில் எங்கள் வீட்டுக்கு அண்ணரைக் கூப்பிட்டு, மேசையில் விரித்துக் காட்டினேன். மூக்குத் தாளில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். அவருக்கு விளங்காது என்ற துணிவில் என் கணவர் சொன்னார்: "இந்தக் கறுவல்களின்ர படத்துக்கோ கிழமைக்கணக்கா அலைஞ்சனி?"

"சும்மா இருங்கோ," என்றேன். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அண்ணர் நிமிரவில்லை. "தங்கச்சி, இஞ்சை வாங்கோ. நடுவில நிக்கிறவர் சிரிக்கிறாரோ? எனக்குத் தெரியேல்லை."

சுத்த யாழ்ப்பாணத் தமிழ். எங்கள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டே பழகியது. அப்படியென்றால் இவ்வளவு காலமும் அவரை வைத்துக்கொண்டு நாங்கள் கதைத்ததெல்லாம்? என் கணவர் மெல்ல எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். முகம் எரிய நான் குனிந்து பார்த்தேன்.

"இல்லை அண்ணை, சிரிக்கேல்லை. நேரே பார்க்கிறார்."

"ஓம்," என்றார். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "போட்டு வாறன்," என்று பஸ்ஸுக்கு நடந்தார்.

அதன் பிறகு அவர் என்னோடு தமிழில்தான் கதைக்கிறார். இத்தாலியனுக்கு ஓடுகிறவள் நான்.