பொத்தானக்கா போடாத கையெழுத்து

ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் வரிசையில், பதினொன்றாவது இயந்திரத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவர் பொத்தானக்கா. அங்கே வருகைப் பதிவேடு எழுதியவன் நான். ஒன்பது ஆண்டுகளில் அவர் தாமதமாக வந்தது இரண்டே நாள். இரண்டும் கனமழை நாட்கள்.

மரண தண்டனை பெற்ற வெளிநாட்டுப் பெண்களுக்காக மனுப் போடும் எங்கள் குழுவில் அவரையும் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். அனைவரும் இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள். விடுமுறை நாட்களில் சலவைக் கடையின் பின்னறையில் கூடுவோம். இஸ்திரி மேசைதான் எழுதும் மேசை.

எங்கள் முதல் மனு, ஒரு குழந்தையைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஆயாவுக்கானது. 812 கையெழுத்து. 'இவர்கள் யாரென்று தெரியவில்லை' என்று அரசு அலுவலகம் திருப்பி அனுப்பியது. மறுபடி வாங்கி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணைத் தூக்கிலிட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நடந்தது எங்களுக்கு வியாழக்கிழமைதான் தெரியவந்தது. அன்று நான் ஒரு விதி எழுதினேன்: கையெழுத்திடுபவர் பெயர், முகவரி, குடியிருப்பு அனுமதி எண் மூன்றையும் எழுத வேண்டும். அந்த விதிப்படி போட்ட இரண்டாவது மனுவில் ஓர் உயிர் தப்பியது. அதன்பின் விதியை யாரும் கேள்வி கேட்கவில்லை.

மூன்றாவது, இருபத்திரண்டு வயது வீட்டுவேலைக்காரப் பெண். நள்ளிரவில் முதலாளியம்மாவை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றதாக வழக்கு. அந்த நேரத்தில் தன்னைச் சமையலறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள் என்று அவள் சொன்னாள். எங்கள் வீட்டில் சமையலறைக்குப் பூட்டே கிடையாது என்றான் முதலாளியம்மாவின் மகன். அவனை நம்பினார்கள். தூக்கு. எங்கள் வக்கீலம்மா மேல்முறையீடு செய்து நாற்பது நாள் அவகாசம் வாங்கினார்.

அந்த நாற்பது நாளும் பொத்தானக்கா வீடு போய்ப் படுத்ததே குறைவு. பேருந்து நிலையத்தில் ஒரு பருத்த ஓட்டுநர் கேட்டார்:

"கையெழுத்துப் போட்டா என்னையும் சேத்துத் தொங்கவிட்ருவானுங்களா?"

"உன்னத் தொங்கவிடக் கயிறு தாங்காதுப்பா. பயப்படாமப் போடு."

மொத்தம் 3,214 கையெழுத்து. அதில் 1,346 அவர் வாங்கியவை. முப்பத்து மூன்றாம் நாள் பட்டியலைச் சரிபார்த்தேன். குழுவினர் பதினொரு பேரில் பத்துப் பேரின் கையெழுத்துதான் இருந்தது.

"ஏம்மா, உங்க கையெழுத்தக் காணோமே?"

"ஆயிரத்துச் சொச்சம் வாங்கிக் குடுத்திருக்கேன். என்னோடது ஒண்ணு கொறஞ்சா குடியா முழுகிடும்?"

"விட மாட்டாருக்கா," என்றார் சலவைக்காரர். "இவரு தும்முனாக்கூடத் தேதி போட்டு எழுதி வைக்கிற ஆளு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"கம்பெனியில நான் காட்டுற குடியிருப்பு பர்மிட் என்னோடது இல்லங்கய்யா. என் தங்கச்சியோடது. அவ ஊருக்குப் போனவ திரும்பி வரல. நான் அத வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"உங்களோடது?"

"அந்த வீட்டு அலமாரியில பாஸ்போர்ட்டோட இருக்கும்."

"எந்த வீட்டு அலமாரியில?"

"அந்தப் பொண்ணு வேல பாத்த வீடுதான். பத்து வருஷத்துக்கு முன்னாடி அங்க வேல பாத்தவ நான். தெனமும் ராத்திரி பத்து மணிக்கு என்னச் சமையக்கட்டுக்குள்ள விட்டு, வெளிய கொண்டி மாட்டிப் பூட்டுவாங்க. ஒரு நாள் பூட்ட மறந்தாங்க, ஓடிட்டேன். நகையத் திருடிட்டு ஓடுனதா கேஸ் போட்டு வெச்சிருக்காங்க."

நான் எழுதுகோலைக் கீழே வைத்தேன். பூட்டு இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் மேசைக்கு எதிரேயே இத்தனை நாள் உட்கார்ந்திருந்தார்.

"கொண்டியக் கழட்டி ஓட்டைய அடைச்சிருப்பாங்க," என்றார். "கதவ மாத்தியிருக்க மாட்டாங்க. உள்பக்கம், கீழ, அரிசி டப்பாவ நகத்துனா தெரியும். பூட்டுன ஒவ்வொரு நாளுக்கும் கத்தியால ஒரு கோடு போட்டேன்."

"எத்தன கோடு?"

"நானூத்திப் பன்னண்டு."

யோசிக்காமல் சொன்னார்.

"நான் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போனா திரும்பி வரமாட்டேன். போகலன்னா அவ போயிடுவா. இந்த முப்பது நாளா ஊரெல்லாம் சுத்துனதே, ஒரு லட்சம் பேரு கையெழுத்துப் போட்டாலாவது நான் போகாம தப்பிக்கலாமான்னுதான்."

போங்கள் என்று நான் சொல்லவில்லை. போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அவர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து 3,215 என்று எண் போட்டுக் கையெழுத்திட்டார். அனுமதி எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டார். விதி எழுதிய நாளிலிருந்து, முழுமையடையாத வரியொன்றை நான் ஏற்றது அதுதான் முதல் தடவை.

முப்பத்தாறாம் நாள் சாட்சி சொன்னார். நீதிமன்ற அதிகாரி போய் அரிசி டப்பாவை நகர்த்தி எண்ணினார். 412 கோடுகள். அவற்றுக்குக் கீழே, வேறொரு கையால் சிறிதாகக் கீறிய 97 கோடுகளும் இருந்தன. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று வக்கீலம்மா அந்தப் பெண்ணைச் சிறையில் கேட்டார்.

"கதவக் கீறுனதுக்கும் ஒரு கேஸ் போடுவாங்கன்னு நெனச்சேங்கம்மா," என்றாளாம்.

தூக்கு ரத்தானது. வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். அவள் இன்னும் சிறையில்தான் இருக்கிறாள். பொத்தானக்காவைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கியதுமே கைது செய்தார்கள். திருட்டு வழக்கு ஒன்று, ஆள்மாறாட்ட வழக்கு ஒன்று. இப்போது வெளிநாட்டவர் தடுப்பு இல்லத்தில் இருக்கிறார்.

போன வாரம் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"பதினொன்னாம் மிஷின்ல யாரு இருக்கா?"

"புதுசா ஒரு பொண்ணு."

"அதுல நூலு அடிக்கடி அறுந்துபோகும். எண்ணெய் விடச் சொல்லுங்க." பிறகு கேட்டார். "நான் உள்ள வந்து எத்தன நாளு?"

"நூத்தி அறுபத்தி மூணு."

"இங்க செவுரு சிமெண்ட்டு, கோடு விழல. நீங்க எழுதி வெச்சுக்கோங்கய்யா."

மணி அடித்து அவரை உள்ளே கூட்டிப் போனார்கள். வாசலில் காவலர் பார்வையாளர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, ஒரு கட்டத்தை விரலால் தட்டினார்.

"பர்மிட் நம்பர விட்டுட்டீங்க, பெரியவரே. எழுதிட்டுப் போங்க."

எழுதினேன்.