சுடாத ரிவால்வர்

அந்த ரிவால்வர் சுடாது. விற்ற கம்பெனிக்காரர்கள் அனுப்பும்போதே குழாய்க்குள் இரும்பை இறுக்கி அடைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். கரிமருந்து கெட்டித்துச் சுட்ட காலத்துத் துப்பாக்கியின் நகல். அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும்தான். பாகம் பாகமாகப் பெட்டியில் வந்தது. அரம் போட்டு, பொருத்தி, மெருகேற்றுவது வாங்கியவர் பாடு.

என் கணவர் ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். ராஜபாளையத்துக்கு வந்த பிறகு சும்மா இருக்க முடியாமல் தவித்தார். அந்தப் பெட்டி வந்ததும் வாசல் வராந்தாவில் மேசை போட்டு, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பூட்டிவிட்டார். பித்தளைச் சட்டத்தில் வார்ப்பு விளிம்புகள் பிசிறாக நின்றன. அவற்றை அரத்தால் இழைக்கும்போது ஊருக்கே பல் கூசும். கைப்பிடிக் கட்டையை உப்புத்தாளால் தேய்க்கிற வேலையை எனக்குக் கொடுத்தார். தேய்க்கத் தேய்க்க மரத்தின் ரேகைகள் மேலே வந்தன. எனக்கு அது பிடித்திருந்தது. ஒருநாள் திருகாணி ஒன்று மரை கழன்றதும் சுத்தியலால் மேசையை ஓங்கி அடித்துப் பிளந்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் பிளவுக்கு ஆணி அடித்தார். அவர் கோபம் அப்படி.

பக்கத்துச் சோழபுரத்தில் அவருக்கும் அவர் தம்பிக்கும் தோட்டத்துக்குப் பொதுவான கிணறு. அந்தக் கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனது. எங்கள் முறையில் மோட்டாரைப் போட்டால் கொழுந்தன் வந்து நிறுத்துவார். ஒருநாள் எங்கள் தண்ணீர்க் குழாயை அரிவாளால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தார். கேட்கப் போன என் கணவர் உதடு கிழிந்து திரும்பினார். முகத்தைக் கழுவிவிட்டு நேராக மேசைக்குப் போய் உட்கார்ந்து பித்தளையைத் தேய்த்தார். ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது.

தெருவில் போவோர் வருவோர் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மிலிட்டரிக்காரர் தம்பியைச் சுடுவதற்குத் துப்பாக்கி செய்கிறார் என்று பேச்சுக் கிளம்பியது. பலசரக்குக் கடையில் என் காதிலேயே விழுந்தது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். தம்பிக்கு ஆள் அனுப்பி இது சுடாது என்று சொல்லிவிடச் சொன்னேன்.

"பயந்துட்டுக் கெடக்கட்டும். அப்பமாவது கெணத்துப் பக்கம் வராம இருப்பான்" என்றார்.

கடைசியாகத் துப்பாக்கிக் குழாய்க்குத் துரு ஏறாமலிருக்க நீலமேற்றினார். இரும்பைச் சூடாக்கி, மருந்தைத் தடவித் துடைத்து, மறுபடி தடவினார். ஒவ்வொரு துடைப்புக்கும் அது மழைக்கு முந்திய வானம்போல இருண்டு வந்தது. மறுநாள் காலை எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெய் தடவிக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அவ்வளவு தெளிந்திருந்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்போதுதான் கொழுந்தன் பைக்கில் வந்து இறங்கினார். கையில் அரிவாள். குடித்திருக்கவில்லை. பயந்திருந்தார், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"என்னையச் சுடத்தான செஞ்ச? இந்தா நிக்கேன், சுடு."

"ஏலே, இது பொம்மைலே" என்று சொல்லிக்கொண்டே இவர் எழுந்தார். காட்டுவதற்காகத்தான் அதை நீட்டினார் என்று நான் இன்றும் நம்புகிறேன். நீண்ட கையை மட்டுமே கொழுந்தன் பார்த்திருப்பார். அரிவாள் இறங்கியது. இவருடைய இடது கை மேசையில் ஊன்றியிருந்தது. இரண்டு விரல்கள் உப்புத்தாள்களுக்கு நடுவே விழுந்தன.

இவர் கத்தவில்லை. வலது கையிலிருந்த ரிவால்வரைத் திருப்பிப் பிடித்து, கனத்த பித்தளையால் தம்பியின் முகத்தில் அடித்தார். கன்ன எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அரிவாள் நழுவியது. கொழுந்தன் தரையில் சாய்ந்தார். இவர் அவர் மார்பில் மண்டியிட்டு மறுபடி மறுபடி அடித்தார். பல் தெறித்தது. இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. ஒரே தள்ளாகத் தள்ளி, இடையே புகுந்து கொழுந்தன் மேல் விழுந்து கிடந்தேன். அடுத்த அடி என் தோளில் இறங்கியது.

"என்னையும் கொன்னுருங்க" என்றேன்.

அப்போதுதான் நிறுத்தினார். தன் கையைப் பார்த்தார். அதன் பிறகே வலி தெரிந்து முனகினார்.

அண்ணன் தம்பி இருவரையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். விரல்களைத் திரும்ப ஒட்டவைக்க முடியவில்லை. கொழுந்தனுக்கு ஒரு கண் போய்விட்டது. போலீஸ் துப்பாக்கியைச் சோதனைக்கு அனுப்பியது. அதை வைத்துச் சுடவே முடியாது என்று பதில் வந்தது. இருவர் மேலும் வழக்குப் போட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நான்தான் முக்கிய சாட்சி. தம்பி பல தடவை அடிபட்டதைச் சொல்லாதே, தள்ளுமுள்ளில் ஒரு தடவை பட்டது என்று சொல் என்று எங்கள் வக்கீல் கேட்டுக்கொண்டார். என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. கூண்டில் ஏறியதும் கொழுந்தன் வெட்டியதையும் சொன்னேன், விழுந்தவரை இவர் விடாமல் அடித்ததையும் சொன்னேன். சொல்லும்போது இருவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

இருவருக்கும் தண்டனை வந்தது. அப்பீல் போட அன்றே ஜாமீன் கிடைத்தது; இன்னும் ஜாமீனில்தான் இருக்கிறார்கள். தீர்ப்பன்று திரும்பும்போது பஸ்ஸில் எனக்கும் என் கணவருக்கும் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது. ராஜபாளையத்தில் இறங்கும்போது என்னால் தோளைத் தூக்க முடியாததைப் பார்த்து, பையை வாங்கிக்கொண்டார்.

"நீ சொன்னது நெசந்தான்" என்றார். "நீ குறுக்க விழலேன்னா நான் நிறுத்தியிருக்க மாட்டேன்."