பத்து என்று எழுதிய பாட்டில்

என் பீரோவில், சேலைகளுக்கு அடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் கிடக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. பச்சை மையில் ‘10’ என்று எழுதிய சீட்டு மட்டும் ஒட்டியிருக்கிறது. எழுதியவள் என் மகளின் ஞானத்தாய். ராயபுரம் மாதா கோயிலில் ஞானஸ்நானத்தன்று குழந்தையை ஏந்தி நின்று, அதன் தலையில் தண்ணீர் ஊற்றும்போது என்னைவிட அதிகம் அழுதவள்.

திருவொற்றியூரில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருவரும் வேலை பார்த்தோம். மதியம் ஒரே டிபன் பாக்ஸில் தின்போம். குடிதண்ணீரில் அளவு மீறினால் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடை அளப்பது எங்கள் பொறுப்பு. பேனா தடிமனில் ஒரு மின்முனை. மற்ற உப்புகளை விட்டுவிட்டு ஃபுளோரைடை மட்டும் உணரும். ஆனால் தானாக அதற்கு எதுவும் தெரியாது. இது ஒன்று, இது பத்து என்று, அளவு தெரிந்த கரைசல்களைக் காலையில் அதற்குக் காட்ட வேண்டும். அதை நம்பித்தான் அன்று முழுவதும் கணக்குச் சொல்லும். அந்தக் கரைசலை அவள் தயாரிப்பாள், நான் அளப்பேன். வேலையை அப்படிப் பிரித்தவளும் அவள்தான்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்காக, சுற்றுவட்டார அடிபம்புத் தண்ணீரை மாதாமாதம் சோதித்துக் கொடுத்தோம். முகத்துவாரக்குப்பமும் அதில் உண்டு. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா அந்தக் குப்பத்துக்காரர். ஒரு ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் இருவரும் மீன் வாங்கும்போது கேட்டார்: “எம்மா, என் பேரனுக்குப் புச்சா மொளைக்கிற பல்லுலயும் மஞ்சக் கறை கீது. தண்ணிதான்றாங்கோ. குடிக்கலாமா வேணாமா? நீ சொன்னா நம்புறேன்.”

“குடிங்கக்கா. நானே அளந்தேன், எல்லாம் அளவுக்குள்ளதான் கீது” என்றேன், பெருமையாகவே. பக்கத்தில் இருந்தவள் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன்கூடை முன்னால் வாய் ஓயாதவள், அன்று பேரம்கூடப் பேசவில்லை.

பிறகு அவள் லீவு போட்ட ஒரு நாள், ‘1’ என்று எழுதிய பாட்டிலைத் தட்டிக் கொட்டிவிட்டேன். இரண்டு கரைசலையும் நானே புதிதாகத் தயாரித்து அளந்தால், குப்பத்துத் தண்ணீர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு காட்டியது. என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். எல்லாவற்றையும் கழுவி மறுபடி செய்தேன், அதேதான். அலமாரியில் சீல் பிரிக்காமல் இருந்த கம்பெனிக் கரைசலைத் திறந்து பார்த்தேன். அளவு அச்சிட்டு வரும் அந்தக் கரைசலும் என் பக்கம்தான் பேசியது. கடைசியில், ஊர் பேர் தெரியாத தண்ணீரைச் சோதிப்பதுபோல் அவளுடைய ‘10’ பாட்டிலில் மின்முனையை வைத்தேன். இருபது. பத்து என்று சொல்லி இருபதைக் காட்டியதால், அதை நம்பிய மின்முனை இத்தனை நாளும் எல்லாத் தண்ணீரையும் பாதியாகவே சொல்லியிருக்கிறது.

பாட்டிலோடு பெரம்பூரில் அவள் வீட்டுக்குப் போனேன். மறுக்கவில்லை. “மேல கீறவங்க சொன்னாங்கடி. அந்த ஃபேக்டரி பார்ட்டி பூட்டா நம்ம பொழப்பு இன்னாவுறது? நீ ஏன் பேஜாராவுற? நீ பொய்யே சொல்லல. உன் கை சுத்தம்னு எல்லாத்துக்கும் தெரியும். அதாண்டி உன்ன அளக்க வச்சேன்.”

என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துத்தான் சொன்னாள். பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் குப்பத்துக்கு ஓடினேன். அடிபம்படியில் மீன்கார அக்கா குடம் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தண்ணீர் வேண்டாம், நடந்தது இது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பேரன் பக்கத்தில் நின்று சிரித்தான்; அந்த மஞ்சள் பல்லைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. “அன்னிக்கும் நீதான் அளந்த. இன்னிக்கும் நீயேதான் அளந்துகினு வந்து நிக்குற. எதம்மா நான் நம்புறது?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி பம்பை அடித்தார்.

வேலையை விட்டேன். இப்போது வேறு கூடத்தில் என் கரைசலை நானே தயாரிக்கிறேன். போன வாரம், மகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காகப் பட்டுச்சேலை எடுத்தபோது பாட்டில் உருண்டு விழுந்தது. “ஞானத்தாய் வருவாங்களாம்மா?” என்று மகள் கேட்டாள். குனிந்து பாட்டிலை எடுத்தேன். தெருவில் மீன்கார அக்காவின் குரல் நெருங்கி வந்தது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எங்கள் வாசலில் மட்டும் குரல் அடங்கிப்போய், பக்கத்து வீடு தாண்டியதும் மறுபடி கேட்டது.