மூன்றாவது குழாயின் ஓட்டம்

பைபாஸ் அறுவையில் புதிதாகத் தைத்த ஒவ்வொரு குழாயிலும் இரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து சொல்வது என் வேலை. அன்று மூன்றாவது குழாயில் ஓட்டம் மிகக் குறைவாக இருந்தது. இரத்த அழுத்தத்தை உயர்த்தி மறுபடியும் அளந்தேன், எண் ஏறவில்லை. பிரித்துத் தைக்க, களைத்த இதயத்தை மீண்டும் நிறுத்த வேண்டும். அது தாங்காது என்று மருத்துவர் அப்படியே விட்டார். அந்த முடிவைத் தவறென்று சொல்லமாட்டேன்.

சில நாள் கழித்து வார்டில் அந்த நோயாளியைப் பார்த்தேன். பண்டார் தெங்காராவில் ஒரு தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவர்.

"தங்கச்சி, மூணு குழாயும் நல்லா ஓடுதா?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லலையாண்ணே?"

"நல்லபடியா முடிஞ்சதுன்னாரு. கோளாறுன்னா சொல்லாமலா இருப்பாங்க? அடுத்த மாசம் வேலைக்குப் போயிடுவேன் லா."

"மொதல்ல பாத்ரூமுக்குத் தனியா நடங்க, அப்புறம் மரத்த அண்ணாந்து பார்க்கலாம்" என்றார் கட்டிலருகே இருந்த அவர் மனைவி. அவர் சிரித்தார், தையல் வலித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

எண் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். சொன்னால் இவர் மனமுடைந்து போகலாம். சொல்லாவிட்டால் தோட்டத்தில் தனியாக விழலாம்.

"டாக்டர் வந்து பேசற வரைக்கும் வேலையப் பத்தி முடிவு பண்ணாதீங்கண்ணே" என்றேன்.

அவருடைய சிரிப்பு நின்றது. நான் மருத்துவரைத் தேடிப் போனேன்.